ஊருக்கு ஆடுகளம் எங்கே? குளத்து உள்வாய், மலையடிவாரம், நஞ்சை, பழைய களம்

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, அம்பாசமுத்திரம், ராதாபுரம் பக்கம் எந்த ஊர் கிராம சபையில் போய் உட்கார்ந்தாலும், குடிதண்ணீரும் தெருவிளக்கும் பேசி முடித்ததும் பின்வரிசைப் பையன்கள் எழுந்து கேட்பது ஒன்றுதான்: விளையாட இடம் வேண்டும். நியாயமான கேள்வி. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து போன கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்தார். மறு வருடம் அர்ஜுனா விருதும் வாங்கினார். மணத்திக்கும் எங்கள் ஊர்களுக்கும் அதிக தூரமில்லை. கபடிக்கும் கைப்பந்துக்கும் இங்கே ஆள் பஞ்சமே கிடையாது. ஆடத்தான் இடமில்லை.

"எந்த இடம்?" என்று தலைவர் திருப்பிக் கேட்டதும்தான் சிக்கல் ஆரம்பிக்கும். ஊர் ஊராக வருவது ஒரே பதில்தான். "குளத்து உள்வாய் சும்மாதான கெடக்கு." "அடிவாரத்து உடங்காடு சும்மாதான கெடக்கு." "கீழப்பத்துல விதைக்காத வயல் கெடக்கு அண்ணாச்சி, அவுக மெட்ராஸ்லல்லா இருக்காக." குளத்துக்குள் தண்ணீர் நிற்கிற உள்வாய், மலையடிவாரத்து உடைமரக் காடு, நஞ்சை வயல்: இந்த மூன்றுமே ஏதோ ஒரு சட்டம் காவல் நிற்கிற நிலம்.

நான் ஆடுகளம் கேட்கிறவர்கள் பக்கம். சாயங்காலம் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து போனைத் தேய்ப்பதைவிடப் பிள்ளைகள் மண்ணில் விழுந்து எழுவது நல்லது என்று நினைக்கிறவன். ஆனால் சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று நம் பக்கத்தில் கிடையாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் வந்து நிற்க, ஆடு மேய, பறவை இறங்க என்று அது ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. அந்த வேலை என்ன, அதை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு இடத்தையும் எடைபோட வேண்டும். அனுமதி கிடைக்குமா என்ற கேள்விக்கும் பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

இதை முதலில் பேசிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். மனு எழுதும்போது நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று கேட்கிறார்கள். மனத்தில் இருப்பது கிரிக்கெட்டும் கால்பந்தும். சரி, அளந்து பார்ப்போம்.

ஆண்கள் கபடிக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. சுற்றி மூன்று மீட்டர் விட்டாலும் ஏழரை சென்ட்டில் அடங்கிவிடும். கைப்பந்துக்கு 18க்கு 9, சுற்றிலும் மூன்று மீட்டர் காலி இடம், ஆக ஒன்பது சென்ட். இறகுப்பந்தாட்ட ஆடுகளம் 13.4க்கு 6.1 மீட்டர்தான். பக்கத்தில் நிற்க இடம் விட்டால் நான்கு சென்ட். மூன்றையும் சேர்த்து, பார்க்கிறவர்கள் உட்கார ஒரு வேப்பமர நிழலும் வைத்தால் முப்பது சென்ட்டில் வேலை முடிந்தது.

முழு அளவு கால்பந்து மைதானத்துக்குக் கோட்டுக்குள் மட்டும் ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். 65 மீட்டர் எல்லை வைத்துக் கிரிக்கெட் ஆட மூன்று ஏக்கரைத் தாண்டும். ஊரை ஒட்டி மூன்று ஏக்கர் தேடினால் கண்ணில் படுவது குளமும் மேய்ச்சலும்தான். முப்பது சென்ட் தேடினால் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட நிலத்தில் கை வைக்கலாமா என்ற கேள்வி பல ஊர்களில் எழுவதே இந்த அளவுக் குழப்பத்தால்தான். அன்றாடம் பிள்ளைகள் ஆட வேண்டியது முப்பது சென்ட்டில். பெரிய மைதானம் சுற்றியுள்ள பத்து ஊருக்குப் பொதுவாக ஒன்று இருந்தால் போதும், அதற்கு அரசு வழி வேறு. பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கமும் வ.உ.சி. மைதானமும் இருப்பது போலத் தாலுகாவுக்கு ஒன்று கேட்பது தனிப் போராட்டம். அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

அடுத்தது காகிதம். 'எங்கள் நிலம்' இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால், ஊர் நிலங்களுக்கான வருவாய்த்துறைப் பதிவேடான அ-பதிவேட்டின் விவரம் வரும். அதில் வகைப்பாடு என்று ஒரு கட்டம் இருக்கும். குளம், ஓடை, மேய்ச்சல், களம், கல்லாங்குத்து (பாறை நிலம்), தீர்வை விதிக்கப்பட்ட தரிசு என்று அதில் இருப்பதுதான் அந்த நிலத்தின் சட்டப்படியான முகம். கண்ணுக்கு வெறும் பொட்டலாகத் தெரிகிற இடம் பதிவேட்டில் ஓடையாக இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும், கோடையில் போய்ப் பார்த்தால் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தை வாங்கி, சர்வேயரை வைத்து நான்கு மூலையும் காட்டச் சொல்வதற்கு முன்னால் யாரும் ஜேசிபிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

குளத்து உள்வாய்

இதைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆசை காட்டுவதும் இந்த இடம்தான். சித்திரை, வைகாசியில் குளம் வற்றிக் கிடக்கும்போது உள்வாய் பாய் விரித்த மாதிரி சமமாக இருக்கும். ஊருக்குப் பக்கம். காசு கிடையாது. பையன்கள் ஏற்கெனவே அங்கே ஸ்டம்பு நட்டு ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "ஆடுற இடத்தையே கொஞ்சம் சரி பண்ணிக் கேட்கோம், இதுல என்ன தப்பு?" என்பார்கள்.

வற்றிய குளத்தில் ஆடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. யாரும் ஆடட்டும். மழை வந்ததும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிடப் போகிறார்கள், குளத்துக்கு ஒரு சேதமும் கிடையாது. சேதம் 'சரி பண்ணும்போது'தான் வருகிறது. உள்வாய் மண் வண்டல், ஈரம் பட்டால் சேறு, காய்ந்தால் வெடிப்பு. அதில் நிரந்தர ஆடுகளம் வேண்டுமென்றால் சரள் அடித்து உயர்த்தியாக வேண்டும். ஒரு ஏக்கரை இரண்டடி உயர்த்தினால் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கிற இடம் போய்விடும். அந்தத் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும். ஒன்று, உபரி நீர் வழிகிற மறுகால் வழியாகச் சீக்கிரமே வெளியேறிவிடும், கடைமடைக்குப் பிசான நெல் பருவத்தில் ஒரு தண்ணீர் குறையும். இல்லையென்றால் பெருமழையில் கரையைத் தேடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையையும் முட்டி ஓடியது, குளங்கள் உடைந்தன, தண்ணீர் பழைய வழியைத் தேடித் தெருவுக்குள் வந்தது. அந்த இரண்டு நாளையும் பார்த்த பிறகு குளத்துக்குள் மண் அடிக்கலாம் என்று ஒரு ஊர் தீர்மானம் போட்டால் அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. குளமாக இருந்த நிலத்தை வீட்டு மனையாகக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே வந்தது. "ஊர்ப் பொதுவுக்குத்தானே" என்பது அங்கே பதிலாக எடுபடாது. யாராவது ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டால் போதும், போட்ட காசு அத்தனையும் மண்ணோடு போகும். காசு தருகிற அதிகாரிக்கும் அது தெரியும், அதனால் கோப்பும் நகராது.

கூந்தன்குளத்தை ஒட்டிய ஊர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. அது 1994இல் சரணாலயம் ஆனது, இப்போது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ராம்சர் ஈரநிலங்களுக்கு 2017ஆம் வருட ஈரநில விதிகள் உண்டு. கடந்த பத்து வருட சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது. கட்டடத்தை விடுங்கள், விளக்கை யோசித்துப் பாருங்கள். கூழைக்கடாவும் பூநாரையும் வரித்தலை வாத்தும் வந்து இறங்குகிற ஊர் அது. கூடு கட்டிய மரம் வீட்டுக் கொல்லையில் நிற்கும், கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள், தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். ஒரு நாள் வெடியையே வேண்டாம் என்று வைத்த சனங்களின் ஊர் ஓரத்தில் தினமும் ராத்திரி பத்து மணி வரை உயர்கம்ப விளக்கு எரிய வேண்டுமா? பகலில் ஆடுகிற மண் ஆடுகளம், அதுவும் குளத்தை விட்டு ஊரின் மறுபக்கம் இருந்தால், அங்கேயும் யாருக்கும் தொந்தரவில்லை.

மலையடிவாரம்

களக்காடு, திருக்குறுங்குடி, மணிமுத்தாறு, பாபநாசம் வரிசையில் இருக்கிற ஊர்களில் குளத்துக்குப் பதிலாகக் கை நீளுவது மலைப் பக்கம். 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. அதன் காப்புக்காட்டுக்குள் ஓர் அங்குலம்கூட வேறு உபயோகத்துக்கு மாற்ற 1980ஆம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். ஊர்க் கபடிக்கு அது நடக்கிற காரியமில்லை, அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். ஆனால் காட்டுக்கு வெளியே, ஊர் எல்லைக்குள் இருக்கிற மேய்ச்சல் புறம்போக்கும் உடங்காடும்? இதுதான் இரண்டுங்கெட்டான்.

அடிவாரக் கிராமங்களில் பல, ஹாகா என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் இருந்தால் நிலத்தை மாற்றிக் கட்டுவதற்கு வனத்துறை, வேளாண்மைத் துறை, கனிமவளத் துறை என்று பல மேசை பார்த்துத்தான் கோப்பு வரும். கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

எனக்கு இதில் சட்டத்தைவிடப் பெரியதாகப் படுவது வேறு இரண்டு. ஒன்று, அங்கே ஆடு மேய்க்கிறவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்துக்கு அந்த மேய்ச்சல்தான் பத்து ஆட்டை வளர்க்க வழி. கிராம சபையில் அவர்கள் கடைசியில் நிற்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். கிராமப் பொது நிலங்களைக் காப்பாற்றச் சொல்லி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு அவர்களைப் போன்றவர்களுக்காகவும்தான். விளையாட்டிடமும் பொது உபயோகம்தானே என்று வாதாடலாம், வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு பொதுவைப் பிடுங்கி இன்னொரு பொதுவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பிடுங்கப்படுகிறவரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தூரம். ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, தெருவிளக்கு இல்லாத பாதையில் ஆடுகளம் போட்டால் அது பதினாறு வயதுப் பையன்களுக்கு மட்டுமான ஆடுகளம். எந்த அம்மாவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகளை அங்கே அனுப்ப மாட்டாள். அடிவாரத்தில் கரடியும் சிறுத்தையும் இறங்குகிற காலம் இது, மகனையும் அனுப்ப யோசிப்பாள்.

பட்டா நஞ்சை

விதைக்காத வயலை யாராவது தானமாகக் கொடுத்தாலும், குத்தகைக்குக் கொடுத்தாலும், அது பதிவேட்டில் நஞ்சையாகத்தான் இருக்கும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டமும், திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற ஊர்களுக்கு 2017இல் வந்த விதிகளும் உண்டு. நஞ்சை என்றால் கெடுபிடி கூடுதல். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற பத்துகளில் (வயல்வெளிகளில்) ஒரு வயலை உயர்த்தினால் பக்கத்து வயலின் வடிகால் அடைபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வயலோடு நிற்பதும் இல்லை.

நகர ஓரங்களில் இப்போது பரவுகிற டர்ஃப் மைதானங்கள் இந்த வகைதான். மணிக்கணக்கில் வாடகை, சுற்றி வலை, ராத்திரியைப் பகலாக்குகிற விளக்கு. வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி வந்து ஆட வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் செயற்கைப் புல்லுக்குள் கொட்டுகிற ரப்பர்த் துகள் மழையில் அடித்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும். நம் வெயிலில் மத்தியானம் அதன்மேல் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. ஊராட்சி செலவழித்து இதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை.

பழைய களமும் பள்ளிக்கூடமும்

என் ஓட்டு இங்கேதான். அறுவடை இயந்திரம் வந்த பிறகு ஊர்க் களங்களின் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூடடிப்பு இல்லை, வைக்கோல் படப்பு ஒன்றிரண்டு நிற்கும், ஓரத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. கார் அறுவடைக்கு ஒரு சில வாரம், பிசான அறுவடைக்கு ஒரு சில வாரம் நெல் காயப்போடுவார்கள். மீதிக் காலம் காலி. களம் ஊரை ஒட்டி இருக்கும், மேட்டில் இருக்கும், தண்ணீர் நிற்காது. நெல் நனையாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் பெரியவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடுகளத்துக்கும் அதேதான் வேண்டும்.

மேய்ச்சல், களம், தோப்பு போன்ற புறம்போக்குகள் 1994ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அதனால் களத்தின் வகைப்பாட்டை மாற்றாமல், நிரந்தரக் கட்டுமானம் இல்லாமல், அறுவடை வாரங்களில் விட்டுக்கொடுத்து ஆடுகிறோம் என்று தீர்மானம் போட்டால் வழி லேசு. இந்த இடத்தின் வேலையை நாம் நிறுத்தவில்லை, மீதி நாட்களுக்கு இன்னொரு வேலை கொடுக்கிறோம். பங்குனியில் நெல் காயும்போது பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம், பெரிய இழப்பும் இல்லை.

செய்வதும் சின்ன வேலைதான். மேல் மண்ணை ஓரடி கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி எடுக்க வேண்டும். செவல் நிலம் என்றால் அந்த மண்ணையே சல்லடையில் சலித்துத் திருப்பிப் போடலாம். கரிசல் என்றால் அப்படி விட முடியாது, கோடையில் விரல் நுழைகிற அளவு வெடிக்கும், கணுக்கால் பிசகும். ஓரடியை எடுத்துவிட்டு அடியில் சரளும் மேலே சலித்த செம்மண்ணும் போட வேண்டும். செம்மண் எடுக்கவும் கனிமவளத் துறை அனுமதி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஊர் ஆடுகளத்துக்காக ராத்திரி லாரியில் யாருடைய செம்மணல் தேரியையோ தோண்டிக்கொண்டு வந்தால் இவ்வளவு யோசித்ததற்கு அர்த்தமில்லை. மண் போட்டதும் தண்ணீர் தெளித்து, ஒரு நாள் ஆறவிட்டு, உருளை ஓட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நூறுக்கு ஒன்று சரிவு இருந்தால் மழை விட்ட மறுநாளே ஆடலாம். நீளவாக்கு தெற்கு வடக்காக இருக்கட்டும், சாயங்கால வெயில் யார் கண்ணிலும் அடிக்காது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும்போது ராதாபுரம், பணகுடிப் பக்கம் வெளியில் இறகுப்பந்து ஆட முடியாது, அந்தக் காசைக் கைப்பந்துக்குப் போடலாம்.

சில ஊர்களில் களத்துக்கு ஏற்கெனவே சிமெண்ட் தளம் போட்டிருப்பார்கள். அதன்மேல் கபடி ஆடவே கூடாது, முட்டி போய்விடும். இறகுப்பந்துக்குக் கோடு கிழித்துக்கொள்ளலாம்.

களத்தில் ஒரு குறை உண்டு, அதை மூடி மறைத்துப் பயனில்லை. நம் பக்கத்து ஊர்களில் களம் எந்தத் தெருவை ஒட்டி இருக்கிறதோ, அந்தத் தெருப் பிள்ளைகள்தான் உரிமையோடு இறங்குவார்கள். மற்றத் தெருப் பையன் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போவான். ஒரு ஆடுகளம் ஊரை இரண்டாக்கவும் செய்யும். அப்படிப்பட்ட ஊர்களில் களத்தைவிட அரசுப் பள்ளி மைதானம்தான் சரி. எல்லாத் தெருப் பிள்ளைகளும் பகலில் ஒன்றாக இருக்கிற இடம் அது, சாயங்காலமும் யாரும் யாரிடமும் கேட்டு நுழைய வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் பழகிய இடம்.

தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் வகுப்பறைத் திண்ணையில் பாட்டில் கிடக்கும், குழாய் உடைந்திருக்கும், பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அதனால் மைதானத்துக்கு மட்டும் தனி வாசல், கட்டடப் பக்கம் கம்பி வேலி, சாவிக்கு ஊரில் இரண்டு பொறுப்பாளர்கள், அதில் ஒருவர் பெண் என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துக் கேளுங்கள். "மைதானத்தத் தாங்க சார்" என்று வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும், பொறுப்பை எழுதிக்கொண்டு போய்க் கேட்பதற்கும் கிடைக்கிற பதில் வேறு.

புதிதாக வீட்டுமனைகள் போட்ட ஊர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அங்கீகார மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்காவுக்கும் விளையாட்டுக்கும்தான் அந்த இடம். பல மனைப்பிரிவுகளில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் புதர் மண்டிக் கிடக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் தானப் பத்திர நகலைக் கேளுங்கள். நிலமாற்றம், மறுப்பின்மைச் சான்று எதுவும் தேவைப்படாத முப்பது சென்ட் அங்கேயே இருக்கக்கூடும்.

வேலியும் விளக்கும்

இங்கிலாந்தில் பெரிய நகரங்களைச் சுற்றிப் பசுமை வளையம் என்று நிலத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். அங்கே புதுக் கட்டடத்துக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, ஆனால் சில விலக்குகள் உண்டு, திறந்தவெளி விளையாட்டுக்குத் தேவையான வசதிகள் அதில் ஒன்று. நிலத்தின் திறந்த தன்மை கெடக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. அதனால் அங்கே ஆட்டத்தைவிட, உயரமான வேலியும் விளக்குக் கம்பமும்தான் கேள்விக்கு உள்ளாகும். அவர்கள் நிலமும் சட்டமும் வேறு. ஆனாலும் அந்தக் கேள்வியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: நாளைக்கு வேண்டாமென்றால் இந்த இடத்தைப் பழையபடி விட முடியுமா?

மண் ஆடுகளத்தை ஒரே நாளில் பழையபடி ஆக்கிவிடலாம். கான்கிரீட்டும் வேலியும் வந்தால் முடியாது. முதலில் ஆடுகளம், அப்புறம் சாமான் வைக்க ஓர் அறை, அப்புறம் அதற்கு மின் இணைப்பு, அப்புறம் முன்னால் ஒரு கடை என்று நீளும். நம் ஊர்களில் குளங்கள் கரைந்த கதையும் இதே வரிசைதான். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் இருக்கிற இடத்துக்கு ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிற அடையாளம் வேய்ந்தான்குளம்.

அதனால் என் வரிசை இது. பள்ளி மைதானம் இருந்து, தலைமையாசிரியரும் இசைந்தால் அதுதான் முதலில். இல்லையென்றால் களம், எல்லாத் தெருவும் வந்து ஆட முடிகிற இடமாக இருந்தால். மனைப்பிரிவுப் பொது இடம் இருக்கிற ஊருக்கு அது களத்துக்குச் சமம். இவை எதுவுமே இல்லாத ஊர், சாலையை ஒட்டிய தரிசுப் புஞ்சையையோ கல்லாங்குத்தையோ கேட்டு முறைப்படி நிலமாற்றத்துக்கு எழுதலாம், வருடக்கணக்கில் இழுத்தாலும் பரவாயில்லை. மேய்ச்சலை மேய்ப்பவர்கள் சம்மதத்தோடு, ஓர் ஓரத்தில், மண் ஆடுகளமாக மட்டும் என்றால் என்னால் ஒத்துக்கொள்ள முடியும். நஞ்சை வேண்டாம். குளத்து உள்வாயும் காப்புக்காடும் பேச்சுக்கே இடமில்லை.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபைக்குப் போகும்போது "மைதானம் வேண்டும்" என்று ஒற்றை வரி மனுவைக் கொண்டு போகாதீர்கள். சர்வே எண், வகைப்பாடு, கேட்கிற சென்ட், எந்தெந்த ஆட்டம் என்று எழுதுங்கள். அறுவடை வாரங்களில் யாருக்கு விடுவது, பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் ஒதுக்குவது என்பதையும் சேருங்கள். விளக்கு வேண்டுமென்றால் தாழ்ந்த கம்பம், கீழ்நோக்கிய வெளிச்சம், ராத்திரி எட்டரைக்கு அணைப்பு என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது வார்த்தைக்கு வார்த்தை ஏறியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். தீர்மான எண்ணோடு நகல் வாங்கி ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றைத் தாசில்தாருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.